மறையும் மரையும்

காதிலே அணியும் தோட்டின் திருகு காணாமற் போய்விட்டால் வீட்டிலே எழும் கலக்கம் சிறிதன்று. திருகிலே இருக்கும் பொன் குன்றிமணி எடைதான். ஆயினும் கலக்கமோ மலையளவு! காரணம், பொன்னின் விலை மட்டுமன்று. அந்தத் தோட்டுக்கு அந்தத் திருகு ஒன்றுதான் பொருந்தும். கையால் செய்த பழைய நகையிலே அக்காளின் திருகு தங்கையின் தோட்டில் ஏறாது. ஏன், ஒரே இணையிலே வலக்காதுத் திருகு இடக்காதுத் தோட்டில் ஏற மறுப்பதும் உண்டு. செய்த ஆசாரியைத் தேடிச் செல்லவேண்டும். அவர் ஊரைவிட்டுப் போயிருந்தால் தண்டையும் மாற்றித் திருகையும் மாற்றிப் புதிதாகவே செய்துகொள்ள வேண்டும்.

அதே வீட்டு வாசலிலே நிற்கும் மிதிவண்டியின் நட் ஒன்று கழன்று விழுந்துவிட்டால்? ஒருவரும் கலங்குவதில்லை. பழநியிலே விழுந்ததற்கு வத்தலக்குண்டிலே வாங்கிக்கொள்ளலாம். அந்த நட்டைச் செய்தவர் யார், எந்த ஊரினர், எந்தச் சாதியினர், எந்த மொழி பேசுபவர்? எவரும் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. ஏற்றினால் ஏறுகிறது, இறுக்கினால் இறுகுகிறது!

இரண்டும் திருகுதான். ஒன்று ஆளைத் தேடி அலைய வைக்கிறது. மற்றொன்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? இந்தச் சின்னஞ்சிறு வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், தொழிலின் வரலாறும் நம் சமுதாயத்தின் வரலாறும் கைகோத்து எதிரே வந்து நிற்கின்றன. அவ்வரலாற்றின் ஒரு முனை இங்கிலாந்திலே, மான்செஸ்டர் நகரத்துப் பட்டறையிலே இருக்கிறது. மறுமுனை தொலைவில் இல்லை. நம் பழநி மலைத்தொடரின் மேலே, கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக் கூடத்திலே இருக்கிறது.

தமிழிலே மறை என்று ஒரு சொல் உண்டு; மரை என்று ஒரு சொல் உண்டு. வல்லின றகரம் இட்டால், மறைத்து வைக்கப்பட்டது என்று பொருள். வேதத்துக்கும் அதுவே பெயர். இடையின ரகரம் இட்டால், ஆணியின் உடலிலே சுற்றிச் சுற்றி ஏறும் புரி என்று பொருள். எழுத்திலே ஒரு சிறு மாற்றம். வாழ்விலோ இரண்டும் எதிரெதிர் துருவங்கள்! மறைத்து வைத்தால் மதிப்பு என்று கூறிற்று மறை. அளவை ஊரறியச் சொன்னால்தான் பயன் என்று காட்டிற்று மரை. எது நாட்டை உயர்த்தியது என்பதைச் சற்று ஆராய்வோம்.

கையும் கணக்கும்

மரை எப்படி வெட்டப்படுகிறது? ஆணியின் வெளிப்புறத்து மரைக்கு 'டை', நட்டின் உட்புறத்து மரைக்கு 'டேப்' என்பது நம் பட்டறைகளின் வழக்கு.

டை என்பது கடினப்படுத்திய எஃகு வட்டு. நடுவே துளை, துளையின் உட்சுவரிலே கூரிய பற்கள், வெட்டுப்பட்ட இரும்புச் சீவல் வெளியேறுவதற்குப் பற்களுக்கிடையே வழிகள். அந்த வட்டை இருபுறமும் கைப்பிடியுள்ள தாங்கியிலே பொருத்துகிறார் தொழிலாளி. இரும்புத் தண்டை வைசிலே செங்குத்தாக இறுக்குகிறார். அதன் நுனியை அரத்தால் சற்றே சரித்து, எண்ணெய் விட்டு, டையை அதன் தலையிலே அமர்த்துகிறார். முதற்சுற்றுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும் சுற்று. தொடக்கத்திலே மயிரிழை சாய்ந்தால் முடிவுவரை கோணல்தான். அரைச்சுற்று முன்னே, காற்சுற்று பின்னே என்று கை இயங்குகிறது. பின்னே வருவது தோல்வியன்று. சீவலை முறித்து வெளியேற்றும் முறை. அதனை அறியாமல் முன்னே முன்னே என்றே முறுக்கினால் மரை கிழியும். டையின் பல்லும் உடையும்.

டேப் மூன்று உடன்பிறப்புகளாக வரும். நுனி நீளச் சரிந்தது முதலாவது. சரிவு குறைந்தது இரண்டாவது. நுனிவரை முழுப்பல் கொண்டது மூன்றாவது. முதலாவது வழி திறக்கும். இரண்டாவது ஆழம் சேர்க்கும். மூன்றாவது துளையின் அடிவரை சென்று முடிக்கும். பத்து மில்லிமீட்டர் மரையாணியிலே ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் என்பது பொது அளவு. அதற்குரிய நட்டிலே பத்து மில்லிமீட்டர்த் துளையிட்டால், பல் வெட்டுவதற்கு இரும்பு எங்கே இருக்கும்? ஆகவே பத்திலே ஒன்றரையைக் கழித்து, எட்டரை மில்லிமீட்டர்த் துளையிடுகிறார்கள். இந்தக் கழித்தல் தெரியாத கை டேப்பை முறிக்கும். கழித்தல் மட்டும் தெரிந்து கை பழகாதவரும் டேப்பை முறிப்பார். கை தனியே போதாது. கணக்கும் தனியே போதாது. இரண்டும் ஓரிடத்திலே கூடினால்தான் ஒரு மரை பிறக்கும். இதனை நினைவில் நிறுத்திக்கொள்வோம்; பின்னர் வேண்டியிருக்கும்.

ஊரறியச் சொன்ன அளவு

திருகு புதிய பொருளன்று. ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் நீரேற்றும் திருகை உலகம் அறியும். நம் நாட்டிலும், பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் பழைய மரப்பொறியிலே, புரி வெட்டிய உருளைகள் ஒன்றையொன்று பற்றிச் சுழன்றன. புரியை நம் கைகள் அறியாதிருக்கவில்லை. ஆனால், கண் மதிப்பிலே வெட்டிய புரி அது. ஒவ்வொன்றும் ஒரு தனிப்பிறவி!

மேலை நாட்டிலும் நெடுங்காலம் அதே நிலைதான். போல்ட்டும் நட்டும் கணவன் மனைவி போல இணைபிரியாதவை. கலந்து கொட்டிவிட்டால் எதற்கு எது என்று தேடவேண்டும். மாற்றம் எங்கே தொடங்கியது? வானத்தை அளக்கப் புறப்பட்டவர்களுக்கும் கடலைக் கடக்கப் புறப்பட்டவர்களுக்கும் துல்லியமான திருகு தேவைப்பட்டது. 1770-களில் இலண்டன் கருவியாளர் ஜெசி ராம்ஸ்டன், வட்டத்தைப் பாகைகளாகப் பிழையின்றிப் பிரிக்கும் பொறியைச் செய்தார். அப்பொறியின் உயிர் ஒரு திருகு! அடுத்து வந்தவர் ஹென்றி மாட்ஸ்லி. பன்னிரண்டாம் வயதிலே வுல்விச் படைக்கலச் சாலையிலே தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் சிறுவனாகத் தொடங்கியவர் அவர். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரே அளவிலே மரை வெட்டும் இரும்பு லேத்தை உருவாக்கிக் காட்டினார்.

அந்த மாட்ஸ்லியின் பட்டறையிலே பணியாற்றியவர்களுள் ஒருவர் ஜோசப் விட்வொர்த். பின்னர் மான்செஸ்டரிலே தமக்கெனப் பட்டறை வைத்தார். 1841-ஆம் ஆண்டு பொறியாளர் கழகத்தின் முன்னே ஒரு கட்டுரையைப் படித்தார். அவர் செய்தது என்ன? 'என் பட்டறை மரையே சிறந்தது. அதனை எல்லோரும் ஏற்க' என்று ஆணையிடவில்லை. பல பட்டறைகளிலே வழங்கிய மரையாணிகளைத் திரட்டினார், அளந்தார், நடுவான அளவைக் கண்டார். புரியின் கோணம் 55 பாகை. அரை அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 12 புரிகள். ஓர் அங்குல ஆணிக்கு 8 புரிகள். இவ்வாறு ஒவ்வொரு பருமனுக்கும் ஓர் அளவை வரையறுத்து, அட்டவணையாக்கி, ஊரறிய வெளியிட்டார்.

அந்த அட்டவணை பேசிய மொழியைக் கேளுங்கள்: 'நீ யாராயினும் ஆகுக. இந்த அளவிலே வெட்டு. நீ வெட்டிய ஆணி, உன்னை அறியாதவன் வெட்டிய நட்டிலே ஏறும்.' அரசனின் பிள்ளை வெட்டினாலும் அதே 55 பாகை. அனாதைப் பிள்ளை வெட்டினாலும் அதே 55 பாகை. குலம் கேளாத அளவு! கோத்திரம் கேளாத அளவு!

அளவு ஒன்றாகாவிடில் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் சாட்சி. 1904 பிப்ரவரியிலே அந்நகரம் தீப்பற்றி எரிந்தது. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் தீயணைப்புப் படைகள் விரைந்து வந்தன. ஆள் இருந்தார்கள், பொறி இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால், வெளியூர்க் குழாய்கள் பலவற்றின் இணைப்பு மரை பால்டிமோரின் தெருக்குழாயிலே பொருந்தவில்லை! 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அண்டை ஊரின் துணையை அண்டவிடாமல் தடுத்தது பகை அன்று, பொருந்தாத மரை.

மறைத்தது மறைந்தது

'ஆங்கிலேயன் பெருமை போதும். நம்மிடம் என்ன குறை?' என்று சிலர் சினக்கலாம். குறை இரும்பிலே இல்லை. கொடுமணல் அகழாய்வு, நம் முன்னோர் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளைக் கண் முன்னே கொண்டுவந்து வைத்தது. 2025 சனவரியிலே தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை வெளியிட்ட ஆய்வு, சிவகளைச் சான்றுகளைக் கொண்டு, இங்கே இரும்பின் பழமை கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டுக்குச் செல்கிறது என்று கூறுகிறது. 'வூட்ஸ்' என்ற பெயரால் தென்னாட்டு உருக்கு கடல் கடந்து புகழ்பெற்றது. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்த உருக்கின் நுட்பத்தை அறிய முயன்றவர் யார் தெரியுமா? மின்னியலின் தந்தையருள் ஒருவராகிய மைக்கேல் பாரடே!

பாரடே யார்? ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பயின்றவர். கட்டவந்த புத்தகங்களைப் படித்தார், படித்ததைச் சோதித்தார், விஞ்ஞானப் பேரவையிலே ஏறி நின்றார். அங்கே கொல்லரின் மகன் நம் உருக்கை ஆராய்ந்த அதே நாட்களில், அந்த உருக்கை ஆக்கிய நம் கொல்லரின் மகனுக்கு என்ன கிடைத்தது? உலையின் சூடு கிடைத்தது. ஊரின் ஓரம் கிடைத்தது. ஏடு கிடைத்ததா? இல்லை! தன் கை அறிந்ததை எழுதிவைக்கும் எழுத்து கிடைத்ததா? இல்லை! தந்தையின் நுட்பம் மகனின் காதிலே. மகனின் நுட்பம் பேரனின் காதிலே. இடையிலே ஒரு தலைமுறை பட்டினியால் ஊர் பெயர்ந்தால், நுட்பம் அதோடு மண்ணிலே! அந்நிய இரும்பின் இறக்குமதியும் காட்டுச் சட்டங்களும் அத்தொழிலைச் சாய்த்தன என்பது உண்மை. ஆனால், சாய்ந்த தொழிலை மீண்டும் எழுப்ப ஏட்டிலே ஓர் அளவுகூட எஞ்சாமற் போனது ஏன்? எழுதத் தெரிந்தவர் உலைப்பக்கம் வருவதில்லை; உலையிலே நின்றவர் எழுத்துப்பக்கம் விடப்படவில்லை. வருணாசிரமம் நமக்கு வழங்கிய வரம் இது!

பழநியையே எடுத்துக்கொள்வோம். மலைமேல் உள்ள சிலை நவபாடாணத்தால் ஆனது, போகர் என்னும் சித்தர் ஒன்பது நஞ்சுகளைக் கட்டிச் செய்தது என்று கூறுவர். நம்புவோர் நம்பட்டும், நாம் கேட்பது வேறு. அந்த ஒன்பதும் எவை? எந்த அளவு? எந்தச் சூடு? எந்தப் பக்குவம்? மறைபொருள் என்பார்கள், பரிபாடை என்பார்கள், தகுதியுள்ளவனுக்கே விளங்கும் என்பார்கள். சித்தர்கள் சாதியைச் சாடினார்கள். அதற்காக அவர்களை நாம் போற்றுகிறோம். ஆயினும் அவர்கள் பெயரால் வழங்கும் மருத்துவமும் வேதியலும் பூட்டிய பேழையாகப் போயின, திறவுகோல் தொலைந்தது. மறைத்தார்கள், மறைந்தது! அதே பழநி மலையிலே 1966 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. தள்ளாத முதியவரை மேலே கொண்டுசேர்ப்பது மந்திரமன்று. கம்பிவடமும், மின்பொறியும், அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் மரையாணிகளும்தாம். அந்த ஆணியொன்று தேய்ந்தால் இன்னொன்றைக் கடையிலே வாங்கி மாட்டலாம். தகுதியுள்ளவனுக்கே பொருந்துவேன் என்று அது பிகு செய்துகொள்வதில்லை.

மலைமேல் ஒரு பாடம்

பழநியிலிருந்து தெற்கே நிமிர்ந்து பார்த்தால் மலைத்தொடர். அதன் மேலே, 2343 மீட்டர் உயரத்திலே, கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக் கூடம். அங்கே ஏன் ஓர் ஆராய்ச்சிக் கூடம் எழுந்தது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கியது தாது வருடப் பஞ்சம். மழை ஏன் பொய்த்தது? சூரியனிலே நிகழும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா? மழைக்காக யாகம் செய்யச் சொன்னது மடமை. சூரியனை அளந்து பார்ப்போம் என்றது விஞ்ஞானம்.

சென்னையிலே அதற்கு முன்பே ஒரு வானாராய்ச்சி நிலையம் இருந்தது. 1792-இல் அங்கே நிறுவப்பட்ட கருங்கல் தூணிலே தமிழிலும் எழுத்துப் பொறித்தார்கள். தூணிலே தமிழ் இருந்தது. கருவியைப் படைப்பதிலே தமிழன் கை இல்லை! அந்த நிலையத்தின் பணி 1899-இல் மிச்சி ஸ்மித் தலைமையிலே கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. 1901 முதல் சூரியன் முறையாக நோக்கப்பட்டது. மோட்டார்ச் சாலை அன்று மலைக்கு இல்லை. அது முதல் உலகப்போர்க் காலத்திலேதான் அமைந்தது. அதற்கு முன் மலைக்கு ஏறியவை எல்லாம் மனிதர் தோளிலும் விலங்கின் முதுகிலும் ஏறின. அறிவின் கோயிலுக்கும் அடித்தளம் பாட்டாளியின் தோள்தான்!

அங்கே சென்ற கருவிகளுள் ஒன்றைப் பாருங்கள். 1850-இல் பாரிசு நகரக் கருவியாளரிடம் வாங்கிய 15 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி அது. 1898-இல் டப்ளின் நகரத்துக் கிரப் நிறுவனம் அதனைத் திருத்தியமைத்தது. பிரான்சிலே பிறந்தது, அயர்லாந்திலே மறுபிறவி எடுத்தது, தமிழகத்து மலையிலே வாழ்ந்தது. 1898-ஆம் ஆண்டேதான், பல நாட்டுப் பொறியாளர்கள் சூரிச் நகரிலே கூடி, மெட்ரிக் அளவிலே ஒரு பொது மரையை வகுத்தார்கள். அதற்குமுன் கருவிக்கூடத்துக்கு ஒரு மரை. நாட்டுக்கு ஒரு மரை. அந்த நாட்களில் தொலைதூர மலையிலே ஒரு திருகு முறிந்தால், கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் அங்கேயே அளந்து வெட்டிக்கொள்ள வேண்டும். எந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கும் ஒரு பட்டறை ஏன் இன்றியமையாதது என்பதற்கு விளக்கம் வேறு வேண்டுமா?

1907-இல் கொடைக்கானலுக்கு வந்தவர் ஜான் எவர்ஷெட். தமக்கு வேண்டிய கருவிகளைத் தம் கையாலேயே ஆக்கிக்கொள்ளும் பழக்கமுடையவர். 1909 சனவரி 5-ஆம் நாள், சூரியப் புள்ளிகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படம் பிடித்தார். நிறமாலைக் கோடுகள் இருக்கவேண்டிய இடத்திலிருந்து இம்மியளவு விலகியிருந்தன. அந்த விலகலே, புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வளி பாய்கிறது என்பதைக் காட்டிற்று. எவர்ஷெட் விளைவு என்று உலகம் இன்றும் அதனை அழைக்கிறது. இம்மியளவை அளப்பது எப்படி? மரையால்தான்! ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும் நுண்மரையின் தலையை 50 பாகமாகப் பிரித்தால், ஒரு பாகம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்று. நிறமாலைத் தகடுகளை அளப்பதற்கு அந்நாளைய வானியலாரின் துணை இத்தகைய நுண்மரையே. பட்டறையிலே நட்டை இறுக்கும் அதே புரி, மெலிந்து நுணுகி, சூரியனின் புயலை அளக்கும் கோலாகிறது!

1911-இல் அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவரானார் எவர்ஷெட். தலைவரானதும் நாற்காலியிலே சாய்ந்துவிட்டாரா? நீரக ஒளியிலே சூரியனைப் படம்பிடிக்க மேலும் ஒரு கருவியை அதே ஆண்டிலே தாமே அமைத்தார். தலைவரின் கையிலே அரம்! தலைவரின் விரலிலே எண்ணெய்! நம் நாட்டுச் சனாதனக் கண்ணுக்கு இது விந்தையாக இருந்திருக்கும். படித்தவன் இரும்பைத் தொடலாமா? தொட்டால் தீட்டாயிற்றே!

நாடு விடுதலை பெற்றது. 1960-இல் கொடைக்கானலின் தலைமைக்கு வந்தார் வைணு பாப்பு. அதே காலத்திலே இங்கிலாந்தின் கிரப் பார்சன்ஸ் நிறுவனம் செய்த கோபுரத் தொலைநோக்கியும், 60 மீட்டர்ச் சுரங்கமும் அங்கே அமைந்தன. அரிய கருவிதான், ஆயினும் வாங்கிய கருவி. பாப்பு வாங்குவதோடு நிற்கவில்லை. இரவு வானை ஆராயச் சவ்வாது மலையிலே காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் அங்கே முதலிலே நிறுவப்பட்ட 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி எங்கே செய்யப்பட்டது தெரியுமா? இலண்டனிலன்று; பாரிசிலன்று; கொடைக்கானல் ஆராய்ச்சிக் கூடத்தின் பின்கட்டிலே! 1850-இல் கருவியை வாங்கிவந்த மரபு, 1968-இல் கருவியைச் செய்து அனுப்பியது. அந்தத் துணிவின் தொடர்ச்சியாக, இந்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986 சனவரியிலே காவலூரில் கண் திறந்தது. 1982-இலேயே மறைந்துவிட்ட பாப்புவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

தொலைநோக்கி என்றதும் ஆடியை நினைக்கிறோம். ஆடியைத் தேய்த்த அறிவை நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். ஆனால், அந்த ஆடியை அசையாமல் தாங்குவது எது? விண்மீனின் ஓட்டத்தோடு ஒட்டிச் செல்லுமாறு குழலை இயக்குவது எது? வெட்டிய மரைகளும் கடைந்த தண்டுகளும்! அவற்றை வெட்டிய கைகள் மேடையேறுவதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் கருவிக்குச் சந்தனம் பூசிப் பொட்டிட்டு வணங்கும் நாட்டிலே, கருவியைப் பிடித்த கைக்கு ஆண்டு முழுவதும் நாற்காலி இல்லை!

குலம் தந்ததா, கல்வி தந்ததா?

இங்கே ஒருவர் குறுக்கிடக்கூடும். 'கைத்தொழிலின் மேன்மையை இவ்வளவு பாடுகிறீர்களே! 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டமும் கைத்தொழிலைத்தானே வற்புறுத்தியது? அதனை ஏன் எதிர்த்தீர்கள்?' என்று கேட்பார். நல்ல கேள்வி, விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

அந்தத் திட்டம் என்ன கூறிற்று? பள்ளியிலே மூன்று மணி நேரம் படிப்பு; எஞ்சிய நேரத்திலே பிள்ளை தன் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும். கேட்க இனிமைதான். ஆனால், செருப்புத் தைப்பவர் பிள்ளைக்குச் செருப்பு, துணி வெளுப்பவர் பிள்ளைக்கு வெளுப்பு, அர்ச்சகர் பிள்ளைக்கு? வக்கீல் பிள்ளைக்கு? அங்கே கைத்தொழிலும் இல்லை, கைவலியும் இல்லை! கையையும் கணக்கையும் ஒன்று சேர்க்க வந்த திட்டமன்று அது. கை உள்ளவனிடமிருந்து கணக்கைப் பாதி பிடுங்கிய திட்டம். பெரியார் போர்முழக்கம் செய்தார். 1953-ஆம் ஆண்டின் மும்முனைப் போராட்டத்திலே ஒரு முனை இதற்கெனவே கூர்தீட்டப்பட்டது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

மரையைக் கேளுங்கள், விளங்கும். எட்டரை மில்லிமீட்டர்த் துளை ஏன் என்று அறியாமல், தந்தை சொன்னார் என்று துளையிடுபவனுக்குப் பதினாறு மில்லிமீட்டர் ஆணி வந்தால் என்ன செய்வான்? கணக்கு அறிந்தவனுக்கு எந்த ஆணியும் ஒன்றே. குலத்தொழில் ஒரு திருகைக் கற்பிக்கும். கல்வி எல்லாத் திருகையும் கற்பிக்கும்.

கைத்தொழிலை யாருக்கு, எதனோடு சேர்த்துக் கற்பிப்பது என்பதே வினா. விட்வொர்த் காட்டிய வழி உண்டு. 1868-இல் தம் செல்வத்திலிருந்து இளந்தொழிலாளர்க்கு உதவித்தொகை நிறுவினார். கைத்திறமும் வேண்டும், கொள்கையறிவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் மண்ணிலும் அவ்வழி நடந்தவர் உண்டு. கோவை ஜி.டி. நாயுடு ஏட்டுக்கல்வி மிகப் பெற்றவரல்லர். இரும்பின் இயல்பைக் கையால் கற்றவர். 1937-இல் பாலசுந்தரத்தோடு கூடி இந்நாட்டிலே மின்மோட்டார் செய்து காட்டினார். 1945-இல் கோவையிலே தொழில்நுட்பக் கல்விக்கூடம் தோன்றக் காரணமாக இருந்தார். தாம் கற்றதைத் தம் வீட்டு வாசலுக்குள் பூட்டவில்லை, பள்ளியாக்கினார். அதுதான் மறையை மரையாக்கும் வேலை!

திட்டம் ஒழிந்தது, அதன் நிழல் ஒழிந்ததா? 1950 முதல் நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் எழுந்தன. பிட்டர் படிப்பிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே மேசையிலே ஒரே டையைச் சுழற்றக் காண்கிறோம். பெருமைதான். ஆயினும், மதிப்பெண் குறைந்தவனுக்குத்தான் பட்டறை என்ற எண்ணம் நம் வீடுகளிலே இன்றும் குடியிருக்கிறது. பொறியியல் பட்டம் பெற்றும் டையைத் தொட்டறியாதவர் ஒருபுறம். நாள்தோறும் டையைச் சுழற்றியும், புரியின் கோணத்துக்குக் காரணம் சொல்லித்தரப்படாதவர் மறுபுறம். பழைய சுவர் புதுச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நிற்கிறது! வகுப்பறையிலே நின்று பாடம் சொல்லும் நாம், அந்தச் சுவரை நாள்தோறும் காண்கிறோம். ஆகவேதான் உரத்துச் சொல்கிறோம்.

மாறும் அளவு

இறுதியாக ஒன்று. விட்வொர்த்தின் 55 பாகை நிலைத்ததா? இல்லை. 1864-இல் அமெரிக்காவிலே வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்வைத்தார். தொழிலாளி வெட்டவும் அளக்கவும் அது எளிது என்றார். இரண்டாம் உலகப்போரிலே, ஒரே அணியிலே நின்ற இங்கிலாந்தும் அமெரிக்காவும் தம் மரைகள் பொருந்தாமல் அல்லற்பட்டன. 1948-இல் அவ்விரு நாடுகளும் கனடாவும் கூடி 60 பாகைப் பொது மரையை ஏற்றன. விட்வொர்த்தின் நாடே விட்வொர்த்தின் கோணத்தைக் கைவிட்டது! எவரேனும் 'புனிதம் கெட்டது' என்று மார்பில் அறைந்துகொண்டார்களா? 'முன்னோர் வகுத்ததை மாற்றலாமா?' என்று வழக்காடினார்களா? நாமும் 1956-இல் சட்டமியற்றி மெட்ரிக் அளவைக்கு மாறினோம். நம் பட்டறைகளிலும் மெட்ரிக் மரை பரவியது. 60 பாகை வந்ததால் விட்வொர்த்தின் புகழ் குறையவில்லை. மனிதன் வகுத்த அளவு. மனிதனுக்காக வகுத்த அளவு. பொருந்தாவிடில் மனிதனே மாற்றிக்கொள்ளும் அளவு. பகுத்தறிவு என்பதும் அதுதானே?

மறையோ மாறாது என்றார்கள். அதனால் மனிதரை மாற விடாமல் நிறுத்தினார்கள். பிறப்பாலே ஒருவன் போல்ட், பிறப்பாலே ஒருவன் துரு என்று தரம் பிரித்தார்கள். கேட்கும் உரிமைகூடச் சிலர்க்கு இல்லை என்று நூல் எழுதி வைத்தார்கள். சமுதாயம் என்ற பொறி ஓடவில்லை, கிறீச்சிட்டது!

ஆகவே நாம் வேண்டுவன இவை: பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் ஒரு வைஸ் மேசை; பட்டறை ஒவ்வொன்றிலும் ஒரு நூலலமாரி. எட்டாம் வகுப்புப் பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், ஒரு முறையேனும் தன் கையால் ஒரு மரை வெட்டட்டும். வெட்டும்போதே அந்தக் கழித்தல் கணக்கையும் போடட்டும். தொழிலாளி அறிந்த நுட்பம் எதுவாயினும் அவர் பெயரோடு தமிழிலே எழுதப்பட்டு எல்லோர் கைக்கும் வரட்டும். கொடைக்கானலின் பின்கட்டிலே கையும் கணக்கும் கூடியபோது, விண்மீனையே பார்க்கும் கண் பிறந்தது. நாடெங்கும் கூடினால் எத்தனை கண்கள் திறக்கும்!

அரைச்சுற்று முன்னே சென்றிருக்கிறோம். அவ்வப்போது காற்சுற்று பின்னே வந்ததும் உண்டு. வெட்டப்பட்ட சீவல், அந்தப் பழைய மடமை, முறிந்து விழட்டும். கையைத் தளர்த்தாமல் அடுத்த சுற்றைத் தொடங்குவோம்!